இழுத்தால் விழவில்லை, ஒட்டினால் ஒட்டவில்லை: டெஸ்க்டாப் ஆப்பில் டிராக் அண்ட் டிராப், கிளிப்போர்டு கோளாறுகள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே கோடில் ஆப் எழுதுபவர்களுக்கு மற்ற தொல்லைகள் எல்லாம் போகப்போகப் பழகிவிடும். டிராக் அண்ட் டிராப் (இழுத்து விடுவது), கிளிப்போர்டு (காப்பி-பேஸ்ட்) இரண்டும் மட்டும் ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் புகாராகத் திரும்பி வரும். எதிர்ப்பக்கத்தில் யாரோ எழுதிய இன்னொரு ஆப் இருக்கிறது, நடுவில் இயங்குதளம் இருக்கிறது. உங்கள் கோடு நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் இழுத்த கோப்பு விழாமல் போகலாம்.

புகார் என்ன வார்த்தைகளில் வருகிறதோ, அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நேரம் பிடிக்காத சோதனை முதலில், கோடைப் பிரித்துப் போட வேண்டியது கடைசியில். எலெக்ட்ரான், டௌரி, க்யூட்டி, டாட்நெட் என்று, ஆப் எழுத உதவும் டூல்கிட்களின் பெயர்கள் வரும் (முதல் இரண்டும் வெப் பக்கத்தையே முகப்பாக வைப்பவை). உங்கள் டூல்கிட் வேறாக இருந்தாலும் அறிகுறி இதேதான்.

## எந்தப் புகாரானாலும் கோடைத் தொடுமுன்

கொடுக்கும் பக்கம் என்னென்ன ஃபார்மட்டில் தருகிறது என்ற பட்டியலை எடுங்கள். ஹேண்ட்லரை (ஈவென்ட் வந்ததும் ஓடும் கோடை) மாற்றி மாற்றி எழுதி ஒரு நாளை ஓட்டுவதைவிட, இந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது மேல்.

லினக்ஸில் திரையைக் கையாளும் அமைப்பு இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். எக்ஸ்11 என்றால் எக்ஸ்கிளிப் கட்டளையில் 'டார்கெட்ஸ்' கேளுங்கள். வேலண்ட் என்றால் டபிள்யூஎல்-பேஸ்ட் கட்டளையில் 'லிஸ்ட்-டைப்ஸ்' என்ற விருப்பம் இருக்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் உங்கள் ஆப்புக்குள்ளேயே ஒரு டீபக் பலகை வைத்துவிடுவதுதான் நல்லது. எதை இழுத்துப் போட்டாலும் எதை ஒட்டினாலும், ஃபார்மட்டின் பெயரையும் பைட் அளவையும் வரிவரியாகக் காட்டினால் போதும். வெளியீட்டுப் பதிப்பிலும் ஒரு மறைவிசைக்குப் பின்னால் அதை விட்டுவையுங்கள். புகார் சொல்பவரிடம் அந்தப் பலகையின் படத்தைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, பக்கங்களை மாற்றிப் பாருங்கள். உங்கள் ஆப்பிலிருந்து இயங்குதளத்தோடு வந்த எளிய எடிட்டருக்கு ஒரு தடவை, அந்த எடிட்டரிலிருந்து உங்கள் ஆப்புக்கு ஒரு தடவை. ஒரு திசையில் மட்டும் கெட்டால் கோளாறு உங்கள் வீட்டில். இரண்டு திசையிலும் சரியாக இருந்து, குறிப்பிட்ட ஒரு ஆப்போடு மட்டும் கெட்டால் அந்த ஆப் தரும் ஃபார்மட் உங்களுக்குத் தெரியாதது. எந்த ஆப்போடும் எந்தத் திசையிலும் வேலை செய்யவில்லை என்றால் அனுமதி, த்ரெட், இயங்குதளம் என்ற பக்கமாகத் தேடுங்கள்.

## இழுத்து வரும்போதே தடைக்குறி. விட்டாலும் எதுவும் நடக்கவில்லை

எல்லா இயங்குதளத்திலும் இப்படி என்றால், 'நான் வாங்கிக்கொள்கிறேன்' என்று உங்கள் ஆப் சொல்லவே இல்லை. எலெக்ட்ரான் போன்ற வெப் அடிப்படையில் 'டிராப்' ஈவென்டுக்கு மட்டும் ஹேண்ட்லர் எழுதினால் போதாது. 'டிராக்என்டர்', 'டிராக்ஓவர்' இரண்டிலும் பிரவுசரின் இயல்பான செயலைத் தடுக்க வேண்டும். 'டிராக்ஓவரில்' தடுக்காவிட்டால் 'டிராப்' ஈவென்ட் வரவே வராது. க்யூட்டியில் விட்ஜெட் 'டிராப்' ஏற்கும் என்று அமைத்து, நுழையும் ஈவென்டையும் ஏற்க வேண்டும். லிஸ்ட் வியூ, டெக்ஸ்ட் எடிட் போல ஸ்க்ரோல் ஆகும் விட்ஜெட் என்றால் ஈவென்ட் விட்ஜெட்டுக்கு வராமல் அதன் உள்ளே இருக்கும் வியூபோர்ட்டுக்குப் போகும். 'ஃபில்டர் போட்டேன், எதுவும் வரவில்லை' என்பவர்கள் பெரும்பாலும் வெளி விட்ஜெட்டில் போட்டிருப்பார்கள். மேக்கில் நேட்டிவ் வியூ எழுதினால் எந்தெந்த வகைகளை ஏற்கும் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத வகை மட்டுமே வந்தால் உங்கள் கோடுக்குச் சேதியே வராது.

ஈவென்ட் வருகிறது, ஆனாலும் தடைக்குறி என்றால் செயல் பொருந்தவில்லை. கொடுக்கும் பக்கம் 'காப்பி மட்டும்' என்கிறது, நீங்கள் 'மூவ்' கேட்கிறீர்கள், முடிவு பூஜ்யம். கொடுப்பவர் அனுமதிக்கும் செயல்களின் பட்டியலை டீபக் பலகையில் காட்டி, அதில் இருப்பதையே கேளுங்கள்.

ஈவென்ட் வருகிறது, உள்ளே பார்த்தால் காலி. வெப் அடிப்படையில் இது வழு இல்லை, விதி. இழுத்துக்கொண்டிருக்கும்போது வகைகளின் பெயர் மட்டும் தெரியும், உள்ளடக்கம் 'டிராப்' ஆன பிறகுதான் கிடைக்கும். மேலே வரும்போது வகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டௌரியில், விண்டோஸில் மட்டும் பக்கத்துக்குள்ளேயே ஒரு அட்டையை இழுத்து நகர்த்துவது வேலை செய்யவில்லையா? கோப்பு இழுப்பதை டௌரியே பிடித்துக்கொள்ளும் அமைப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. விண்டோ அமைப்புகளில் அதை அணைத்தால்தான் எச்டிஎம்எல் இழுப்பு வரும். இரண்டும் ஒன்றாக வராது, எது தேவை என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸில், ஒரு சிலருக்கு மட்டும் என்றால் முதல் சந்தேகம் 'அட்மினாக இயக்கு'. விஸ்டா காலத்திலிருந்து, தாழ்ந்த உரிமையில் ஓடும் ஆப், உயர்ந்த உரிமையில் ஓடும் ஆப்புக்குச் செய்தி அனுப்ப முடியாது. எக்ஸ்ப்ளோரர் சாதாரண உரிமையில் ஓடுகிறது. உங்கள் ஆப் அட்மினாக ஓடினால் அதிலிருந்து இழுத்தது விழாது. டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலில் 'எலிவேட்டட்' என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். 'பயனரிடம் வேலை செய்கிறது, டெவலப்பரிடம் மட்டும் வேலை செய்யவில்லை' என்ற விசித்திரப் புகாரும் இதே வகைதான். டெவலப்பர் தன் எடிட்டரை அட்மினாகத் திறந்திருப்பார், அதிலிருந்து ஓடும் ஆப்பும் அட்மினாகவே பிறக்கும்.

விண்டோஸில் எல்லோருக்கும் என்றால் த்ரெட்டைப் பாருங்கள். இழுத்து விடுவது, ஆப்புகள் தரவைக் கைமாற்றும் ஓலே என்ற விண்டோஸ் அமைப்பு வழியாக நடப்பது. விண்டோ இருக்கும் த்ரெட் ஒற்றை-த்ரெட் அபார்ட்மென்டாக (எஸ்டிஏ) இருக்க வேண்டும், ஓலேவுக்கான தொடக்க அழைப்பும் நடந்திருக்க வேண்டும். ஓலேவுக்கு அடித்தளமான காம் (சிஓஎம்) அமைப்புக்கான தொடக்கம் மட்டும் போதாது. டாட்நெட்டில் மெயின் தலையில் 'எஸ்டிஏ த்ரெட்' குறிப்பு விடுபட்டால் கிளிப்போர்டும் சேர்ந்தே கெடும். வெளி லைப்ரரி ஏதாவது உங்களுக்கு முன்னால் அதே த்ரெட்டைப் பல-த்ரெட் வகையாகத் தொடங்கிவிட்டதா என்பதும் பார்க்க வேண்டியது. டிராப் இடத்தைப் பதிவு செய்யும் அழைப்பு திருப்பித் தரும் பிழை எண்ணை விழுங்காமல் லாகில் எழுதினாலே இது வெளிவந்துவிடும்.

நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்: ஆப்புக்கு உண்மையிலேயே அட்மின் உரிமை வேண்டும், இழுத்து விடுவதும் வேண்டும் என்றால் அது ஆப்பின் கட்டமைப்பையே மாற்றும் வேலை. பழைய 'டிராப் ஃபைல்ஸ்' செய்தியை மட்டும் ஃபில்டரில் அனுமதித்துச் சமாளிக்கலாம், ஆனால் ஓலே வழி அதில் வராது. சரியான வழி, முகப்பைச் சாதாரண உரிமையில் ஓடவிட்டு, அட்மின் வேலையை மட்டும் தனிப் பிராசஸாகப் பிரிப்பது. விண்டோஸ் பாதுகாப்பு தெரிந்தவர் ஒருவர் பார்க்காமல் அதை வெளியிட வேண்டாம்.

## கோப்பை விட்டதும் ஆப் மறைந்து அந்தக் கோப்பு திறக்கிறது

வெப் அடிப்படை ஆப்பில் மட்டும் வரும். டிராப் பகுதிக்கு அரை விரல் தள்ளி விட்டிருப்பார். முழு விண்டோவும் அந்தப் படத்துக்குப் போய்விட்டது, சேமிக்காத வேலையும் போயிற்று. விண்டோ முழுவதற்குமாக 'டிராக்ஓவர்', 'டிராப்' இரண்டையும் தடுத்து வையுங்கள். எலெக்ட்ரானில் பக்கம் வேறெங்கும் போவதை மெயின் பிராசஸிலும் மறுத்துவிடுங்கள். பாதுகாப்புக்கும் அது நல்லது.

## விழுகிறது, ஆனால் கோப்பின் பாதை காலி, அல்லது 'கோப்பு இல்லை' என்கிறது

புகார்களில் பாதி இங்கேதான்.

எலெக்ட்ரானைப் புதுப்பித்த பிறகு தொடங்கியதா? 32-ஆம் பதிப்பில் ஃபைல் பொருளின் 'பாத்' பண்பை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக்கு முன்னால் ஓடும் ப்ரீலோட் ஸ்கிரிப்டில் 'வெப்யூட்டில்ஸ்' வழியாகப் பாதையைக் கேட்க வேண்டும். பழைய கோடு பிழை எதுவும் காட்டாமல் வெறுமனே 'அன்டிஃபைண்ட்' தரும், அதனால்தான் சோதனையில் தப்பிவிடுகிறது.

லினக்ஸில் மட்டும், அல்லது தமிழ்ப் பெயர், இடைவெளி உள்ள கோப்புக்கு மட்டும்? வருவது பாதை இல்லை, யூஆர்ஐ (இணைய முகவரி வடிவ) பட்டியல். வரிகள் கேரேஜ் ரிட்டர்னும் லைன்ஃபீடும் சேர்ந்து பிரிந்திருக்கும், # குறியில் தொடங்கும் வரி கருத்து வரி, பெயரில் உள்ள இடைவெளி %20 ஆகியிருக்கும். லைன்ஃபீடில் மட்டும் பிரித்தால் ஒவ்வொரு பாதையின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். லாகில் பார்த்தால் பாதை சரியாகத்தான் தெரியும், திறந்தால் திறக்காது. முன்னாலுள்ள 'ஃபைல்:///' பகுதியை வெட்டிவிட்டு மீதியைப் பாதை என்று எடுத்துக்கொள்வதும் இதே ரகம். டூல்கிட் தரும் யூஆர்எல்-இலிருந்து-பாதை செயலியைப் பயன்படுத்துங்கள், கையால் வெட்டாதீர்கள்.

பல கோப்பு இழுத்தால் முதல் கோப்பு மட்டும் வருகிறதா? வெப் அடிப்படையில் டிராப் ஹேண்ட்லருக்குள் 'அவெயிட்' இருக்கிறதா பாருங்கள். முதல் 'அவெயிட்' தாண்டியதும் இழுத்து வந்த பொருட்களின் பட்டியல் காலியாகிவிடும். எல்லா உருப்படிகளையும் ஒரே மூச்சில் எடுத்து உங்கள் அரேயில் வைத்துக்கொண்டு, அப்புறம் காத்திருங்கள். ஃபோல்டரை இழுத்தால் சரியாக 100 கோப்புகளோடு நிற்கிறதா? குரோமியம் ஒரு அழைப்புக்கு 100 பதிவுகள் வரைதான் தரும். காலிப் பட்டியல் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

அவுட்லுக் இணைப்பு, ஜிப்புக்குள் இருக்கும் கோப்பு, ரிமோட் டெஸ்க்டாப்பில் காப்பி செய்த கோப்பு மட்டும் வரவில்லையா? அவை டிஸ்கில் இல்லாத கோப்புகள். பட்டியலில், பாதைகளைத் தரும் வழக்கமான 'எச்டிராப்' ஃபார்மட் இருக்காது. 'ஃபைல் குரூப் டிஸ்கிரிப்டர்', 'ஃபைல் கன்டென்ட்ஸ்' என்ற ஜோடி இருக்கும். பெயர்களை முதலாவதிலிருந்து எடுத்து, உள்ளடக்கத்தை இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துத் தற்காலிக ஃபோல்டரில் எழுத வேண்டும். மேக்கில் ஃபோட்டோஸ், மெயில் போன்றவை இதையே 'ஃபைல் பிராமிஸ்' என்று செய்கின்றன. மேக்ஓஎஸ் 10.12 முதல் அதை வாங்கத் தனி வகுப்பு இருக்கிறது. டூல்கிட் இதை மூடித் தரவில்லை என்றால் நேட்டிவ் கோடு எழுதியே ஆக வேண்டும். இரண்டு இயங்குதளத்துக்கும் சேர்த்து எழுதி, சோதித்து முடிப்பது சின்ன வேலை இல்லை. முதலில் 'இங்கிருந்து நேராக இழுக்க முடியாது, சேமித்துவிட்டு இழுங்கள்' என்று ஒரு செய்தியாவது காட்டுங்கள். எதுவும் நடக்காமல் இருப்பதுதான் மோசம்.

மேக்கில் பாதை விசித்திரமாக, '.ஃபைல்/ஐடி=' என்று எண்களோடு வருகிறதா? அது கோப்பின் அடையாள எண்ணைச் சுட்டும் யூஆர்எல். அதை வழக்கமான பாதை வடிவ யூஆர்எல்லாக மாற்றித் தரும் பண்பு அதே வகுப்பில் இருக்கிறது. மாற்றிய பிறகே சேமியுங்கள்.

மேக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெயர் கோப்பு, கண்ணால் பார்த்தால் அதே பெயர், ஒப்பிட்டால் வேறு என்கிறதா? இதை ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துச் சோதிப்பவர்கள் கண்டுபிடிக்கவே முடியாது. 'கொடி' என்ற பெயரில் உள்ள 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வுக்குப் பின் ஒகரக் குறி ஒரே எழுத்தாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். இப்போதைய ஏபிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டாலும், மேக்கிலிருந்து வரும் பாதைகள் பல நேரம் பிரிந்த வடிவில்தான் கைக்கு வரும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்தக் கதிதான். ஒப்பிடும்போதும் டேட்டாபேஸில் தேடும்போதும் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (குறிகளைச் சேர்த்தே எழுதும்) வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் கோப்பைத் திறக்கும்போது வந்த பாதையையே கொடுங்கள், மாற்றிய பாதையை வேண்டாம். லினக்ஸின் கோப்பு முறைமைகள் பெரும்பாலும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுபவை. மாற்றிய பெயரில் கோப்பே இருக்காது.

லினக்ஸின் ஃப்ளாட்பேக் தொகுப்பில் மட்டும் 'கோப்பு இல்லை'? கொடுத்த பாதை வெளியே இருக்கிறது, ஆப்பை அடைத்து வைத்திருக்கும் சாண்ட்பாக்ஸுக்குள் இல்லை. ஹோம் ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் இதுதான். அதற்காக அந்த அனுமதியையே தீர்வாக வைத்துவிடாதீர்கள். கோப்பு கைமாற்றத்துக்கென்று தனி போர்ட்டலும் (சாண்ட்பாக்ஸுக்கு வெளியே கேட்டு வாங்கும் வழி), அதற்கான தனி ஃபார்மட்டும் இருக்கின்றன. ஜிடிகே 4 டூல்கிட் அதைத் தானாகவே பேசும்.

மேக்கில் இன்று திறக்கிறது, ஆப்பை மூடித் திறந்தால் அனுமதி இல்லை? சாண்ட்பாக்ஸில் ஓடும் ஆப்புக்கு, இழுத்து விட்ட கோப்பைத் தொடும் உரிமை அந்த ஓட்டத்தோடு முடிந்துவிடும். 'சமீபத்தில் திறந்தவை' பட்டியல் வேண்டுமானால் பாதையைச் சேமிக்காமல், அனுமதியையும் சேர்த்து வைக்கும் செக்யூரிட்டி-ஸ்கோப்டு புக்மார்க்கைச் சேமியுங்கள்.

## டிராப் பகுதி மினுமினுக்கிறது, அல்லது நிறம் மாறிச் சிக்கிக்கொள்கிறது

வெப்பில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்பின் மேலும் கர்சர் போகும்போது 'நுழைவு', 'வெளியேற்றம்' ஈவென்டுகள் வந்துகொண்டே இருக்கும். இழுக்கும் நேரத்தில் மட்டும் உள் உறுப்புகளின் பாயின்டர் ஈவென்டுகளை அணைப்பது எளிய வழி. எண்ணிக்கை வைத்து ஏற்றி இறக்கும் முறையும் ஓடும், ஆனால் நடுவில் ஓர் உறுப்பு அழிந்துபோனால் கணக்கு தவறி நிறம் அப்படியே நின்றுவிடும்.

எஸ்கேப் அடித்த பிறகும் சிக்கியிருந்தால், இழுக்கத் தொடங்கிய உறுப்பை நீங்களே திரையிலிருந்து எடுத்துவிட்டீர்களா பாருங்கள். நீண்ட பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் வைத்திருக்கும் காம்பொனென்ட்கள் ஸ்க்ரோல் ஆனதும் மூல வரியை அழித்துவிடும், 'டிராக்எண்ட்' உங்களுக்கு வராது. தொடங்கிய நொடியிலேயே இழுப்பு செத்துப்போனால், 'டிராக்ஸ்டார்ட்' ஹேண்ட்லருக்குள்ளேயே திரையை மாற்றுகிறீர்கள். அந்த மாற்றத்தைப் பூஜ்ய டைமரில் தள்ளிப் போடுங்கள்.

தள்ளி விழுகிறது என்ற புகாரும் உண்டு. அளவீடு வேறுவேறான இரண்டு திரைகளை இணைத்துச் சோதித்தால் உடனே தெரியும். விண்டோஸ் திரைக் கணக்கில் இடத்தைத் தருகிறது, மேக்கின் நேட்டிவ் வியூவில் கீழிருந்து மேலாக எண்ண வேண்டும்.

## விட்டவுடன் உங்கள் ஆப்பும் எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து உறைகின்றன

டிராப் ஹேண்ட்லருக்குள் வேலை செய்கிறீர்கள். நீங்கள் திரும்பி வரும்வரை கொடுத்த ஆப் காத்துக்கொண்டிருக்கும். ஹேண்ட்லருக்குள் 'மேலெழுதவா?' என்று ஒரு டயலாக் போட்டாலே போதும், பயனர் பதில் சொல்லும்வரை எதிர் ஆப் அசையாது. தேவையான தரவை எடுத்துக்கொள்ளுங்கள், செயலைச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள், டயலாக்கையும் காப்பி வேலையையும் அடுத்த சுற்றுக்குத் தள்ளுங்கள். எக்ஸ்11-இல் நேரடியாக எழுதுகிறீர்கள் என்றால் 'முடிந்தது' என்ற செய்தியையும் அனுப்ப வேண்டும். வாங்க மறுத்தாலும் அனுப்ப வேண்டும்.

## இழுத்த பிறகு மூலக் கோப்பு காணாமல் போனது

இந்தப் புகார் வந்தால் மற்ற எல்லாவற்றையும் வைத்துவிட்டு இதைப் பாருங்கள். முடிந்தால் அந்தப் பதிப்பின் விநியோகத்தையே நிறுத்துங்கள்.

நீங்கள் 'மூவ்' என்று பதில் சொன்னால், கொடுத்த பக்கம் தன் பிரதியை நீக்கிக்கொள்ளலாம் என்று பொருள். உங்கள் ஆப் வெறும் பாதையை மட்டும் குறித்துக்கொண்டு 'மூவ்' சொன்னால் கோப்பு எங்குமே இருக்காது. மூலம் முன்மொழிந்ததை அப்படியே ஏற்கும் ஒரு வரிதான் பெரும்பாலும் குற்றவாளி. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் முன்மொழிவு 'மூவ்' ஆகிவிடும். வெளியிலிருந்து வரும் கோப்புக்கு எப்போதும் 'காப்பி' என்றே பதில் சொல்லுங்கள். உண்மையிலேயே நகர்த்தும் ஆப் என்றால், எழுதி முடித்துச் சரிபார்த்த பிறகுதான் 'மூவ்'.

கட்-பேஸ்ட்டிலும் இதன் தம்பி உண்டு. 'கட்' செய்த கோப்பா 'காப்பி' செய்த கோப்பா என்பதை விண்டோஸ் 'பிரிஃபர்ட் டிராப்எஃபெக்ட்' என்ற நாலு பைட் ஃபார்மட்டில் சொல்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்களில் க்னோம் தன் தனி ஃபார்மட்டின் முதல் வரியிலும், கேடிஇ வேறொரு தனி ஃபார்மட்டிலும் சொல்கின்றன. மேக்கின் ஃபைண்டரில் கோப்பைக் 'கட்' செய்வதே கிடையாது. காப்பி செய்துவிட்டு, ஒட்டும்போது ஆப்ஷன் விசையைச் சேர்த்து நகர்த்துவார்கள். மூன்றையும் ஒரே மாதிரி நடத்தும் கோடு எங்காவது ஓரிடத்தில் தவறும்.

## தமிழ் எழுத்தை ஒட்டினால் கேள்விக்குறி, குப்பை, அல்லது பாதி

மூன்றும் மூன்று நோய், வந்திருப்பதைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

வரிசையாகக் கேள்விக்குறிகள். விண்டோஸில் பழைய 'டெக்ஸ்ட்' ஃபார்மட்டில் போட்டிருக்கிறீர்கள். தமிழுக்கு ஏஎன்எஸ்ஐ கோட் பேஜே (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) கிடையாது, எழுத்து போவதற்கு இடமில்லை. 'யூனிகோட் டெக்ஸ்ட்' மட்டும் போடுங்கள். பழையது தேவைப்படும் ஆப்புக்கு விண்டோஸே மாற்றிக் கொடுக்கும். எக்ஸ்11-இல் 'ஸ்ட்ரிங்' என்பது லத்தீன்-1, அதனால் 'யூடிஎஃப்8 ஸ்ட்ரிங்' கேளுங்கள், கொடுங்கள்.

மேலே சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்தும் ® குறியும் மாறி மாறி. யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ ஒற்றை பைட் எழுத்துகளாகப் படித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்துகளின் முதல் இரண்டு பைட்டுகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால்தான் இந்தத் தாளம். லினக்ஸிலும் மேக்கிலும் எச்டிஎம்எல் ஃபார்மட்டில் இது அதிகம். எச்டிஎம்எல்லின் தலையில் கேரக்டர்செட் யூடிஎஃப்-8 என்று மெட்டா குறியைச் சேர்த்தால் பெரும்பாலும் தீரும்.

மூன்றில் ஒரு பங்கு மட்டும் வருகிறது, கடைசி எழுத்து உடைந்திருக்கிறது. இது விண்டோஸின் 'எச்டிஎம்எல் ஃபார்மட்'. அதன் தலைப்பகுதியில் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்கள் இருக்கும். அவை பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு இல்லை. 'தமிழ்' என்பது யூனிகோடில் 5 குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 15 பைட்டுகள். ஸ்ட்ரிங்கின் நீளத்தைப் போட்டால் முடிவு எண் 10 பைட் முன்னாலேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் இரண்டும் சமம் என்பதால் எந்தச் சோதனையும் கத்தாது. முதலில் பைட்டுகளாக மாற்றி, அந்த நீளத்தை எழுதுங்கள். தானியங்கிச் சோதனையில் ஒரு தமிழ் வரியையும் ஒரு எமோஜியையும் நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியில் மட்டும் குப்பை எழுத்துகள் ஒட்டினால் முடிவுப் பூஜ்யம் விடுபட்டது. படிக்கும்போதும் நினைவகத் துண்டின் அளவை நம்பாதீர்கள், அது தேவையைவிடப் பெரிதாக இருக்கலாம். பூஜ்யம் வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

## மேக்கில் மட்டும் கமாண்ட்+சி, கமாண்ட்+வி வேலை செய்யவில்லை

மெனு பட்டியில் 'எடிட்' மெனு இருக்கிறதா? அழகுக்காக அதை எடுத்துவிட்டால் மேக்கில் குறுக்குவிசையும் சேர்ந்து போகும். எலெக்ட்ரானில் 'காப்பி', 'பேஸ்ட்' ரோல்களோடு அந்த மெனுவைத் திரும்பச் சேருங்கள். அவ்வளவுதான்.

## எப்போதாவது மட்டும் காப்பி தோற்கிறது

விண்டோஸில் கிளிப்போர்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். பொதுக் கழிப்பறைக் கதவு மாதிரி, உள்ளே ஆள் இருந்தால் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கிளிப்போர்டு மேனேஜர், பாஸ்வேர்ட் மேனேஜர், ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் நீங்கள் காப்பி செய்த அதே கணத்தில் உள்ளே நுழைபவை. டாட்நெட்டில் 0எக்ஸ்800401டி0 என்ற பிழை இதுதான்.

முதலில் உங்கள் கோடில் திறந்த கதவை எல்லா வழியிலும் மூடுகிறீர்களா பாருங்கள், குறிப்பாகப் பிழை வழியில். அடுத்து, தோற்றால் சில பத்து மில்லிசெகண்ட் விட்டு மீண்டும் முயலுங்கள், ஒரு வரம்போடு. அதற்கும் மேல் தோற்றால் யார் பிடித்திருக்கிறார் என்று விண்டோஸிடமே கேட்கலாம். திறந்து வைத்திருக்கும் விண்டோவைத் தரும் அழைப்பு இருக்கிறது. அதன் பிராசஸ் பெயரை லாகில் எழுதுங்கள். பத்துப் பேரின் லாகில் ஒரே பெயர் வந்தால் அந்த ஆப்பை எழுதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதுதான்.

## ஆப்பை மூடியதும் காப்பி செய்தது போய்விடுகிறது

லினக்ஸ் எக்ஸ்11-இல் கிளிப்போர்டு என்று ஒரு சேமிப்பிடமே கிடையாது. காப்பி செய்த ஆப்பிடம்தான் தரவு இருக்கிறது, ஒட்டும்போதுதான் கேட்டு வாங்கப்படுகிறது. வெளியேறும்போது கிளிப்போர்டு மேனேஜரிடம் ஒப்படைக்கும் நெறிமுறை இருக்கிறது, பெரிய டூல்கிட்கள் அதைச் செய்யும். பயனரின் கணினியில் மேனேஜரே ஓடவில்லை என்றால் உங்களால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. கட்டளை வரிக் கருவி எழுதுபவர்கள், காப்பி செய்ததும் வெளியேறாமல் பின்னணியில் இருக்க வேண்டும்.

விண்டோஸில் ஓலே பொருளாகப் போட்டிருந்தால், வெளியேறுமுன் 'ஃப்ளஷ்' அழைக்க வேண்டும். டாட்நெட்டில் அதற்கு இரண்டாவது ஆர்கியுமென்டாக 'ட்ரூ' கொடுத்தால் போதும்.

## வேலண்டில் மட்டும் கெடுகிறது

ஆப்பை எக்ஸ்11 முறையில் ஓட்டிப் பாருங்கள். க்யூட்டியில் பிளாட்ஃபார்மைச் சொல்லும் சூழல் மாறியை 'எக்ஸ்சிபி' என வைத்தால் போதும். அதில் சரியாக ஓடினால், வேலண்ட் அனுமதிக்காத ஒன்றைக் கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பயனர் விசையோ மவுஸோ தொடாமல், டைமரிலிருந்தோ நெட்வொர்க் பதிலிலிருந்தோ காப்பி செய்கிறீர்கள். வேலண்டில் காப்பிக்கு ஒரு உள்ளீட்டு ஈவென்டின் வரிசை எண் வேண்டும்; இல்லையென்றால் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். அல்லது விண்டோ கவனத்தில் இல்லாதபோது கிளிப்போர்டைப் படிக்கிறீர்கள், அப்போது எதுவும் தெரியாது. பின்னணியில் இருந்து கிளிப்போர்டைக் கண்காணிக்கும் ஆப் என்றால் தனி நெறிமுறை தேவை, அதை எல்லா டெஸ்க்டாப்பும் தருவதில்லை. 'இந்த டெஸ்க்டாப்பில் இந்த வசதி இல்லை' என்று அமைப்புத் திரையில் நேர்மையாக எழுதிவிடுவது, சுற்றுவழி தேடி மாதக்கணக்கில் திண்டாடுவதைவிட நல்லது.

## படம் ஒட்டினால் பின்னணி கருப்பு

விண்டோஸின் பழைய 'டிஐபி' (பிட்மேப்) ஃபார்மட்டில் ஊடுருவும் தன்மைக்கு நம்பகமான இடமில்லை. 'பிஎன்ஜி' என்ற பெயரில் பதிவு செய்த ஃபார்மட்டை முதலில் போடுங்கள், கூடவே வெள்ளைப் பின்னணியில் தட்டையாக்கிய 'டிஐபி'யையும். ஒட்டும் ஆப் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும்.

## ரிமோட் டெஸ்க்டாப்பில் நேற்று வரை ஒட்டியது, இன்று ஒட்டவில்லை

உங்கள் கோடைத் திறக்கவே வேண்டாம். ரிமோட் பக்க டாஸ்க் மேனேஜரில், கிளிப்போர்டைப் பகிரும் 'ஆர்டிபிகிளிப்' பிராசஸை நிறுத்தி மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கிளிப்போர்டுப் பகிர்வை நிர்வாகி பாலிசியில் அணைத்திருக்கலாம். அது அவர்களின் சிஸ்டம் நிர்வாகியிடம் போக வேண்டிய கேள்வி.

## மேலே எதிலும் சிக்கவில்லை என்றால்

டூல்கிட்டின் வழுப் பட்டியலுக்கு எடுத்துப் போங்கள். போகும்முன் உங்கள் ஆப்பை விட்டுவிட்டு, ஒரு விண்டோவும் ஒரு டிராப் பகுதியும் மட்டும் உள்ள சின்ன மாதிரியில் அதே கோளாறு வருகிறதா பாருங்கள். அங்கே வரவில்லை என்றால் வழு உங்களுடையது, மாதிரிக்கும் ஆப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மாதிரியிலும் வந்தால் அதையே இணையுங்கள். கூடவே இயங்குதளத்தின் பதிப்பு, டூல்கிட்டின் பதிப்பு, லினக்ஸ் என்றால் டெஸ்க்டாப்பின் பெயரும் வேலண்டா எக்ஸ்11-ஆ என்பதும், கொடுத்த ஆப், வாங்கிய ஆப், டீபக் பலகையின் ஃபார்மட் பட்டியல். அந்தப் பட்டியல் இல்லாத புகாருக்கு 'பட்டியலை அனுப்புங்கள்' என்பதுதான் முதல் பதிலாக வரும்.